மெட்டல் டிடெக்டர் செய்வோம், சிப்பைக் கடைசியில் வாங்குவோம்!



மூன்றாம் ஆண்டு வந்துவிட்டால் போதும், நம்ம எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான். "மச்சான், எந்த கண்ட்ரோலர் போடலாம்?" என்ன செய்யப் போகிறோம் என்பதே முடிவாகியிருக்காது. அதற்குள் சிப்பின் பெயர் முடிவாகிவிடும். ஒருவன் இ.எஸ்.பி. 32 என்பான். இன்னொருவன் எஸ்.டி.எம். 32 என்பான். பஸ் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கியும் வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான், "இதை வெச்சு என்னடா பண்றது?" என்ற ஆராய்ச்சி தொடங்கும்!

பெண்ணைப் பார்க்கும் முன் பந்தலைப் போட்ட கதைதான் இது. வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு மெட்டல் டிடெக்டரை உதாரணமாக வைத்து, சாமான்களை எந்த வரிசையில் தேர்வு செய்ய வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் விளக்க முயல்கிறேன். முழு சர்க்யூட் படத்தை நான் இங்கே தரவில்லை. படம் எங்கும் கிடைக்கும். அந்தப் படத்தில் ஒவ்வொரு சாமானும் ஏன் இருக்கிறது என்பதுதான் கிடைப்பது கஷ்டம்.

எதைத் தேடுகிறோம்?

மெட்டல் டிடெக்டர் என்றதும் பலருக்குப் புதையல் ஞாபகம் வரும். அந்த ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள் நண்பர்களே! 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நான் தேடுவது தங்கத்தை அல்ல, துருப்பிடித்த இரும்பு ஆணியை!

என் அப்பா சா மில்லில் மரம் அறுக்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான். அந்தப் படிப்புக்கான பணம் பேண்ட் சா ஓடுவதால்தான் வருகிறது. சாலையோரப் புளிய மரத்திலும் வேப்ப மரத்திலும் விளம்பரத் தகடுகளை ஆணி வைத்து அடிப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். தகடு விழுந்துவிடும், ஆணி நிற்கும். மரம் வருஷா வருஷம் பருத்து அந்த ஆணியை விழுங்கிவிடும். பல வருஷம் கழித்து அந்த மரம் மில்லுக்கு வரும்போது ஆணி இருப்பது வெளியில் தெரியாது. வேகமாக ஓடும் பிளேடு அதில் மோதினால் பல் உடையும். சில சமயம் பிளேடே அறுந்து வெளியே வீசும். எதிரில் நிற்பவன் கதி என்ன?

அப்பாவிடம் ஒரு முறை உண்டு. அறுத்த முகத்தில் நீலக் கறுப்பாகக் கறை தெரிந்தால், "உள்ளே இரும்பு இருக்குடா" என்று நிறுத்திவிடுவார். மரத்தில் உள்ள டானினும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம் வரும் என்று நான் கெமிஸ்ட்ரியில் படித்தேன். அவர் படிக்காமலே அதை வைத்துப் பல பிளேடுகளைக் காப்பாற்றியிருக்கிறார். ஆனால் ஒரு குறை. அந்தக் கறை கண்ணில் பட வேண்டுமானால் ஆணிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே அறுத்திருக்க வேண்டும். அறுப்பதற்கு முன்பே சொல்லும் கருவிதான் நமக்குத் தேவை.

இப்போது தேவையைக் காகிதத்தில் எழுதலாம். தேட வேண்டியது இரண்டு, மூன்று அங்குல இரும்பு ஆணி. ஆழம் ஏழெட்டு சென்டிமீட்டர் போதும். மரம் ஈரமாக இருக்கும். மில்லில் சத்தம் அதிகம். கையில் பிடித்து மரத்தின் மேல் தடவிப் பார்க்க வேண்டும். இந்த ஐந்து வரிகள்தான் இனி ஒவ்வொரு சாமானையும் நமக்காகத் தேர்ந்தெடுக்கப் போகின்றன.

எந்த முறை நல்லது?

எல்லோரும் முதலில் செய்வது ஆசிலேட்டர் முறை. ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் ஆடும். உலோகம் அருகில் வந்தால் காயிலின் இண்டக்டன்ஸ் மாறும், அலைவரிசையும் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தை எண்ணிப் பார்த்தால் போதும். மலிவு, எளிது, பாடத்தில் படித்த கால்பிட்ஸ் ஆசிலேட்டரே போதும்.

சிக்கல் எங்கே? 100 கிலோ ஹெர்ட்ஸில் ஓடும் ஆசிலேட்டரில் 10 ஹெர்ட்ஸ் மாற்றத்தைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது 0.01 சதவீதம். கெப்பாசிட்டரின் மதிப்பு வெயிலில் 0.02 சதவீதம் மாறினாலே அதே 10 ஹெர்ட்ஸ் மாறிவிடும்! ஆணியா, வெயிலா என்று கருவிக்கே தெரியாது. என்.பி. ஜீரோ வகை கெப்பாசிட்டர் போட்டால் வெப்பத்தின் தொல்லை வெகுவாகக் குறையும். ஆனால் ஈர மரம் காயிலுக்கு அருகில் வந்தால் அதுவே ஒரு கெப்பாசிட்டர் போல நடந்துகொண்டு அலைவரிசையை இழுக்கும். நம் ஐந்து வரியில் "ஈர மரம்" இருக்கிறதே! எனவே இந்த முறையை நான் ஒதுக்கினேன்.

இரண்டாவது, பல்ஸ் இண்டக்ஷன் முறை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து "ஓய்!" என்று கத்திவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டு எதிரொலியைக் கேட்பது போன்றது இது. காயிலில் ஒரு சிறு நேரம் மின்சாரத்தை விட்டு, சட்டென்று நிறுத்துகிறோம். அருகில் உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பும். நாம் நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். அது தேய்ந்து மறைவதற்குள் அதே காயில் மூலம் அதைக் கேட்டுவிட வேண்டும். ஈர மரத்தின் தொல்லை இதில் மிகக் குறைவு. புதையல் தேடுபவர்கள் இந்த முறையைத் திட்டுவார்கள், ஏனென்றால் வெறும் ஆணிக்கெல்லாம் கத்தித் தொலைக்கும். நமக்கு வேண்டியதே அதுதானே!

காயில்தான் கருவியின் கண்

பெரிய காயில் ஆழமாகப் பார்க்கும், ஆனால் சின்னப் பொருளைத் தவறவிடும். சின்ன காயில் சின்னப் பொருளைப் பிடிக்கும், ஆழம் போகாது. நமக்குத் தேவை சின்ன ஆணி, குறைந்த ஆழம். எனவே நாலங்குல பி.வி.சி. பைப் துண்டு போதும். அதன் வெளி விட்டம் 110 மில்லிமீட்டர். அதன் மேல் 25 கேஜ் எனாமல் கம்பியை 40 சுற்று நெருக்கமாகச் சுற்றினால் இண்டக்டன்ஸ் சுமார் 300 மைக்ரோ ஹென்றி வரும். கம்பி நீளம் 14 மீட்டர், ரெசிஸ்டன்ஸ் சுமார் 1.2 ஓம். மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டால் மீந்த கம்பியே கிடைக்கும். சுற்றிய பிறகு வார்னிஷோ அரால்டைட்டோ பூசிவிடுங்கள். சுற்று அசைந்தால் ரீடிங்கும் அசையும்.

கைப்பிடிக்கும் பி.வி.சி. பைப்பையே பயன்படுத்துங்கள். இரும்பு ஸ்குரூ வேண்டாம். பேட்டரியும் போர்டும் காயிலிலிருந்து ஒரு முழமாவது தள்ளியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கருவி தன்னையே கண்டுபிடித்துக்கொண்டிருக்கும்!

ஸ்விட்ச் போடும் மாஸ்ஃபெட்

12 வோல்ட்டில் இந்தக் காயிலுக்கு 100 மைக்ரோ செகண்ட் மின்சாரம் விட்டால் ஓட்டம் சுமார் 3 ஆம்பியர் வரை ஏறும். அதைச் சட்டென்று நிறுத்தினால் காயில் சும்மா இருக்காது, சில நூறு வோல்ட்டை எதிர்த்து உதைக்கும். அதைத் தாங்க 400 வோல்ட் மாஸ்ஃபெட்டான ஐ.ஆர்.எஃப். 740 சரியாக இருக்கும். கருவி ஓடும்போது காயில் முனைகளைத் தொடாதீர்கள், நன்றாக உறைக்கும்.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, டயோடு. ரிலே காயிலுக்குக் குறுக்கே டயோடு போட வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ரிலேவுக்கு அது சரி. இங்கே போட்டால் கெட்டது! டயோடு வழியாக மின்சாரம் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அது தணிய நூறு மைக்ரோ செகண்டுக்கு மேல் ஆகும். நாம் எதிரொலி கேட்க வேண்டியதோ 15 மைக்ரோ செகண்டிலேயே. வாயை மூடாமல் எப்படிக் கேட்பது? எனவே டயோடுக்குப் பதில், காயிலுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர். 390 ஓமில் தொடங்கி 1 கிலோ ஓம் வரை, 2 வாட்டில் நாலைந்து மதிப்புகள் வாங்கி வையுங்கள். மதிப்பு அதிகமானால் காயில் மணி போல் ஆடிக்கொண்டே இருக்கும். குறைந்தால் மெதுவாக அடங்கும். ஆஸிலோஸ்கோப்பில் பார்த்து, ஆடாமல் சீக்கிரம் அடங்கும் மதிப்பை வையுங்கள்.

இரண்டாவது, கேட் வோல்டேஜ். ஐ.ஆர்.எஃப். 740 முழுதாகத் திறக்க கேட்டில் 10 வோல்ட் வேண்டும். கண்ட்ரோலர் தருவது 5 அல்லது 3.3 வோல்ட்தான். பாதி திறந்த மாஸ்ஃபெட் சூடாகும். இடையில் டி.சி. 4427 போன்ற ஒரு கேட் டிரைவர் போடுங்கள்.

மூன்றாவது, ரொம்ப முக்கியம். டிரைவரின் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். கண்ட்ரோலர் ரீசெட் ஆகும்போது அதன் கால்கள் எந்தப் பக்கமும் சேராமல் தொங்கும். அப்போது மாஸ்ஃபெட் திறந்துகொண்டால் காயிலில் கிட்டத்தட்ட 7 ஆம்பியர் தொடர்ந்து ஓடும். புகை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, சில பைசா ரெசிஸ்டர் அதைத் தடுத்துவிடும். இதே காரணத்தால்தான் ஒரே ஒரு டிரான்சிஸ்டர் போட்டு சிக்னலைத் தலைகீழாக்கும் டிரைவரை நான் தவிர்த்தேன். அதில் கால் தொங்கினால் மாஸ்ஃபெட் திறந்துகொள்ளும்.

காது: ஆம்ப்ளிஃபையர்

ஆணியின் எதிரொலி மில்லிவோல்ட்டுக்கும் குறைவாக இருக்கும். அதற்குச் சற்று முன்பு அதே கம்பியில் நூற்றுக்கணக்கான வோல்ட் வந்து போயிருக்கும். எனவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பிறகு இரண்டு 1என்4148 டயோடுகளை எதிரெதிராகப் போட்டு, 0.7 வோல்ட்டுக்கு மேல் உள்ளே போகாமல் தடுக்க வேண்டும்.

பிறகு ஆப் ஆம்ப். கையில் இருக்கிறதே என்று 741-ஐயோ எல்.எம். 358-ஐயோ போட்டுவிடாதீர்கள். அவை சுமார் 1 மெகா ஹெர்ட்ஸ் வகை. 200 மடங்கு பெருக்கச் சொன்னால் மிஞ்சுவது 5 கிலோ ஹெர்ட்ஸ் வேகம்தான். அது விழித்தெழவே 30 மைக்ரோ செகண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் ஆணியின் எதிரொலி பெரும்பாலும் ஓய்ந்துவிடும். என்.இ. 5534 என்பது 10 மெகா ஹெர்ட்ஸ் வகை, இரைச்சலும் குறைவு. 200 மடங்கு பெருக்கினாலும் 50 கிலோ ஹெர்ட்ஸ் கிடைக்கும், சுமார் 3 மைக்ரோ செகண்டில் எழுந்துவிடும். கருவி ஆணியைப் பார்க்குமா பார்க்காதா என்பதை இந்த எட்டுக்கால் ஐ.சி. தீர்மானிக்கும் அளவுக்கு கண்ட்ரோலர் கூடத் தீர்மானிக்காது!

இப்போது சிப்புக்கு வருவோம்

இதுவரை செய்த தேர்விலிருந்து சிப்பின் வேலை தானாகவே தெரிந்துவிட்டது. வினாடிக்குச் சில நூறு தடவை 100 மைக்ரோ செகண்ட் பல்ஸ் கொடுக்க வேண்டும். நிறுத்தியதிலிருந்து மிகச் சரியாக 15 மைக்ரோ செகண்டில் ஒரு சாம்பிள், நன்றாகத் தள்ளி இன்னொரு சாம்பிள் எடுக்க வேண்டும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் ஆம்ப்ளிஃபையரின் சொந்தக் கோளாறும் பூமியின் காந்தப்புலத்தின் பாதிப்பும் நீங்கிவிடும். மிஞ்சுவது ஆணி.

இதில் வேகத்தைவிட நேரம் தவறாமை முக்கியம். எதிரொலி செங்குத்தாக விழும் வளைகோடு. ஒரு தடவை 15-லும் அடுத்த தடவை 17-லும் பார்த்தால், உலோகமே இல்லாமல் மதிப்பு மாறும். இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சிப்பாகப் பார்ப்போம்.

8051: 1980-இல் இன்டெல் கொண்டுவந்தது, நாம் படித்துப் பழகியது. 12 மெகா ஹெர்ட்ஸில் அதன் டைமர் ஒரு மைக்ரோ செகண்டுக்கு ஒரு படி நகரும். முடியாது என்றில்லை, ஆனால் படி பெரிசு. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் வகைகளில் ஏ.டி.சி. உள்ளே கிடையாது, தனியாக வாங்க வேண்டும்.

இ.எஸ்.பி. 32: 240 மெகா ஹெர்ட்ஸ், வைஃபை, புளூடூத் எல்லாம் உண்டு. ஆனால் அதன் ஏ.டி.சி. நேர்கோடாக அளப்பதில்லை. வைஃபை ஓடும்போது இரைச்சலும் மின்சாரச் செலவும் கூடும். ஆணியைக் கண்டுபிடிக்க வைஃபை எதற்கு?

எஸ்.டி.எம். 32 எஃப் 103: 72 மெகா ஹெர்ட்ஸ், 12 பிட் ஏ.டி.சி., ஒரு மைக்ரோ செகண்டில் அளக்கும். இந்த வேலைக்கு உண்மையிலேயே நல்ல சிப். ஆனால் மலிவான போர்டுகளில் போலி சிப் கலந்து வருகிறது. 3.3 வோல்ட்டில் ஓடும் என்பதால் இணைப்பிலும் கவனம் வேண்டும். 2021-இல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவும் இந்தப் பட்டியலில் சேரும்.

ஏ.டி.மெகா 328பி: ஆர்டுயினோ ஊனோவில் இருப்பது. 16 மெகா ஹெர்ட்ஸ், 16 பிட் டைமர், ஒரு படிக்கு 62.5 நானோ செகண்ட். அதாவது 8051-ஐவிட 16 மடங்கு நுணுக்கம். 5 வோல்ட், 10 பிட் ஏ.டி.சி., 28 கால் டிப் பாக்கேஜ். ஐ.சி. பேஸில் செருகலாம், போய்விட்டால் பிடுங்கி வேறு போடலாம்.

"ஊனோவின் ஏ.டி.சி. ஒரு ரீடிங்குக்கு நூறு மைக்ரோ செகண்டுக்கு மேல் எடுக்குமே, 15-இல் எப்படி அளப்பது?" என்று சிலர் கேட்கலாம். சரியான கேள்வி! பதில், பெரிய சிப் அல்ல. 4066 போன்ற அனலாக் ஸ்விட்ச் ஒன்றும் ஒரு கெப்பாசிட்டரும். குறித்த நேரத்தில் ஸ்விட்சைத் திறந்து வோல்டேஜைக் கெப்பாசிட்டரில் பிடித்து வைத்துவிட்டால், ஏ.டி.சி. சாவகாசமாக அளக்கலாம். பத்து பிட் போதாதென்றால் 64 ரீடிங்கின் சராசரி எடுங்கள், தாறுமாறான இரைச்சல் எட்டில் ஒரு பங்காகும்.

புரோகிராமில் ஒரு எச்சரிக்கை. ஆர்டுயினோவில் டிலே கட்டளையை வைத்து நேரம் பிடிக்காதீர்கள். மில்லி செகண்ட் கணக்கு வைத்துக்கொள்ள அது ஒவ்வொரு 1.024 மில்லி செகண்டுக்கும் இன்டரப்டுக்குப் போய்வரும். அதில் உங்கள் 15 மைக்ரோ செகண்ட் 20 ஆகிவிடலாம். பல்ஸை டைமர் 1-இன் ஹார்டுவேரே கொடுக்கட்டும்.

ஆகவே எங்கள் தேர்வு ஏ.டி.மெகா 328பி. குளோன் போர்டின் விலை அப்பாவின் ஒரு நாள் கூலிக்குள் அடங்கிவிட்டது. எனக்கு அதுவும் ஒரு ஸ்பெசிஃபிகேஷன்தான்!

மீதிச் சாமான்கள்

பவருக்கு 12 வோல்ட் பேட்டரி. காயிலுக்குப் பக்கத்தில் சப்ளைக்குக் குறுக்கே 2200 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர். ஒவ்வொரு பல்ஸுக்கும் தேவையான 3 ஆம்பியரை அதுதான் பக்கத்திலிருந்து கொடுக்கும். இல்லாவிட்டால் சப்ளை ஆடி, கண்ட்ரோலரும் ஆடும். பஸ்ஸர் வேண்டாம், மில் சத்தத்தில் கேட்காது. கைப்பிடியில் வரிசையாக ஐந்து எல்.இ.டி. போடுங்கள்.

மரத்தில் வைத்துப் பார்த்தபோது

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து செய்த கருவி, மூன்று அங்குல ஆணியை எட்டு சென்டிமீட்டர் தூரத்தில் காட்டியது. ஒரு அங்குல ஆணி மூன்று சென்டிமீட்டருக்குள் வந்தால்தான் தெரிந்தது. இரண்டடி பருமனுள்ள மரத்தின் நடுவில் இருப்பது தெரியவே தெரியாது. அப்படியானால் பயன் என்ன? இதற்கு வழி சொன்னவர் அப்பாதான். "மொத்தமா எதுக்குடா பாக்கணும்? ரெண்டு அங்குலப் பலகை எடுக்குறேன். ஒவ்வொரு பலகை எடுத்ததும் புது முகத்தைப் பாரு, போதும்" என்றார். இரண்டு அங்குலம் என்பது ஐந்து சென்டிமீட்டர். கருவி பார்ப்பது எட்டு. மூன்றங்குல ஆணிக்குக் கணக்கு சரியாக இருந்தது!

இன்னொன்றும் அவரே சொன்னார். ஆணி அடிக்கிறவன் கைக்கு எட்டும் உயரத்தில்தான் அடிப்பான். மரம் உயர்ந்தாலும் ஆணி அதே உயரத்தில்தான் நிற்கும். எனவே அடிமரத்தில் முதல் ஏழெட்டு அடியைக் கவனமாகப் பார்த்தால் பெரும்பாலான ஆணி அகப்பட்டுவிடும். எந்த டேட்டா ஷீட்டிலும் இல்லாத தகவல் இது.

எங்கே வைத்துப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைக் கண்டுபிடிக்க டெலிபோன் புகழ் கிரகாம் பெல் ஒரு கருவியோடு வந்தார். கருவி நல்ல கருவிதான். ஆனால் படுக்கையில் எஃகுக் கம்பிகள் இருந்தன. டாக்டரோ உடலின் வலப்பக்கத்தை மட்டுமே தேட விட்டார். குண்டு இருந்ததோ இடப்பக்கம். ஜனாதிபதி இறந்துவிட்டார். சா மில்லின் டிராலியும் தண்டவாளமும் நமக்கு அந்த எஃகுப் படுக்கை மாதிரிதான். மரத்தை மரக்கட்டைகளின் மேல் ஏற்றி, நாலு பக்கமும் புரட்டிப் பாருங்கள்.

நண்பர்களே, இந்தக் கருவி "ஆணி இல்லை" என்று காட்டினாலும் பிளேடுக்கு எதிரில் நிற்கக் கூடாது. அதை நம்பி அஜாக்கிரதையாக இருந்தால், கருவி இல்லாமல் இருப்பதைவிட ஆபத்து.

கடைசியாக ஒரு வார்த்தை. இப்போது ரெடிமேட் பிராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கி வைத்துவிடுவது சகஜமாகிவிட்டது. வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்பது பெரும்பாலும், "தம்பி, ஏன் இந்த சிப் போட்டே?" என்றுதான். வாங்கியவனிடம் அதற்குப் பதில் இருக்காது. "ஆணி சின்னது, அதனால் காயில் சின்னது, அதனால் நேரம் குறைவு, அதனால் இந்த ஆம்ப்ளிஃபையர், அதனால் இந்த டைமர், அதனால் இந்த சிப்" என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, நாளைக்கு வேறு சிப் வந்தாலும் கவலையில்லை.

காயில் சுற்ற பைப் துண்டு வேண்டுபவர்கள், ஆஸிலோஸ்கோப்பில் அந்த எதிரொலியை நேரில் பார்க்க விரும்புபவர்கள் சனிக்கிழமை மதியம் நம் எலக்ட்ரானிக்ஸ் லேபுக்கு வாருங்கள். ஜூனியர்கள் தயங்க வேண்டாம். ஆளுக்கு ஒரு ஆணி மட்டும் கொண்டுவந்தால் போதும்!